சுவீடன் வழிவந்த அமெரிக்க ஊர்களின் சகோதர உறவு நம் பக்கத்துக்குப் பொருந்துமா?

தென்பெண்ணைக்கரை (காவேரிப்பட்டினம்) கேட்டது:

உள்ளூர் வரலாற்றில் தோய்ந்த பலர் இங்கே எழுதுவதால் இந்தக் கேள்வியை முன்வைக்கிறேன். நான் பள்ளியில் வரலாறு கற்பிப்பவள். எங்கள் முன்னாள் மாணவர்கள் சிலர் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வேலை பார்க்கிறார்கள். அங்கே லிண்ட்ஸ்ட்ரோம் என்ற சிற்றூருக்குப் போய்வந்து அவர்கள் அனுப்பிய படங்கள் முன்னாள் மாணவர் சங்கத்தில் பெரிய பேச்சாகிவிட்டன. அந்த ஊரின் தண்ணீர்த் தொட்டி, மூக்கும் கைப்பிடியும் வைத்த காப்பிக் கூஜாவின் உருவில் உயரத்தில் நிற்கிறது. அதன் மேல் சுவீடிய மொழியில் வரவேற்பு எழுதியிருக்கிறார்கள். ஊரின் நடுவே ஓர் ஆணும் பெண்ணுமாக ஒரு சிலை இருக்கிறது. ஆண் முன்னால் பார்க்கிறான், பெண் விட்டுவந்த திசையைத் திரும்பிப் பார்க்கிறாள். சுவீடனில் உள்ள டிங்ஸ்ரிட் என்ற வட்டாரம் இந்த ஊருக்குச் சகோதர ஊராம்.

இதைப் பார்த்த சங்கத்து இளையவர்கள், நம் பேரூராட்சிக்கும் மினசோட்டாவில் ஒரு சகோதர ஊரைப் பிடித்துவிடலாம், மன்றத்தில் தீர்மானம் போட்டுப் பேருந்து நிலையத்தருகே ஒரு வளைவும் வைத்துவிடலாம் என்று முனைப்பாக இருக்கிறார்கள். அவர்களுடைய ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் லிண்ட்ஸ்ட்ரோமுக்கும் டிங்ஸ்ரிட்டுக்கும் நடுவே இருப்பது தலைமுறைகள் கடந்த குடிபெயர்வு. நமக்கும் மினசோட்டாவுக்கும் நடுவே இருப்பது வேலை விசா. நம் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகக் கடல் கடந்தவர்கள் கண்டிச் சீமைக்கும் (இலங்கை மலைத்தோட்டங்கள்) நேட்டாலுக்கும் (தென்னாப்பிரிக்கா) பீஜிக்கும் மலாயாவுக்கும் அல்லவா போனார்கள்? என் பாட்டியின் தாய்மாமன் குடும்பத்தோடு கண்டிச் சீமைக்குப் போனார் என்று வீட்டில் சொல்வார்கள். எந்தத் தோட்டம் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

அந்தச் சுவீடன் வழி ஊர்களின் உறவு இத்தனை காலம் எதனால் நிலைத்திருக்கிறது என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். அதே அடிப்படையில் நாம் உறவு தேடுவதென்றால் யாரைத் தேடிப் போவது, ஒரு பேரூராட்சி இப்படி வெளிநாட்டு ஊரோடு ஒப்பந்தம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

ஓசூர்க்காரன் எழுதியது:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். மினசோட்டாவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால் முதல் கேள்விக்கு என்னால் ஓரளவு பதில் சொல்ல முடியும்.

1850 வாக்கில் சுவீடனின் மக்கள்தொகை சுமார் 35 லட்சம். அடுத்த 80 ஆண்டுகளில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கிருந்து வட அமெரிக்காவுக்குப் போனார்கள். நீண்ட காலம் போர் இல்லை, அம்மைத் தடுப்பூசி வந்தது, உருளைக்கிழங்கு விளைந்தது. பிள்ளைகள் பிழைத்தார்கள், நிலம் மட்டும் வளரவில்லை. டிங்ஸ்ரிட் இருக்கும் ஸ்மோலாந்துப் பகுதி கல்லுக்குப் பேர்போனது. வயலில் பொறுக்கிய கல்லை வரப்பில் அடுக்கி அடுக்கி மதிலே எழுப்பிவிட்டார்கள். ஓசூர் மலைக்காட்டில் மானாவாரி செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1867 இல் கோடையே வராத குளிர், மறு ஆண்டு வறட்சி என்று பஞ்சம் வந்தது. அமெரிக்காவிலோ 1862 இன் குடியேற்ற நிலச் சட்டப்படி, ஐந்தாண்டு தங்கிப் பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் நிலம் ஏறத்தாழ இலவசமாகக் கிடைத்தது. முதலில் போனவர் எழுதிய கடிதம் ஊரில் கைமாறி வாசிக்கப்பட்டது. பயணச்சீட்டுக்குப் பணமும் அங்கிருந்தே வந்தது. அதனால் ஒரு திருச்சபை வட்டாரத்தில் இருந்து புறப்பட்டவர்கள் அமெரிக்காவில் ஒரே ஏரியைச் சுற்றிக் குடியேறினார்கள். லிண்ட்ஸ்ட்ரோம் இருக்கும் சிசாகோ ஏரிப் பகுதி அப்படி உருவானதுதான். அவர்கள் ‘சுவீடன்’ என்ற நாட்டிலிருந்து மட்டும் போனவர்கள் அல்லர், பெயர் சொல்லக்கூடிய சில கிராமங்களிலிருந்து போனவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் சகோதர உறவு கேட்டுப் போனபோது யார் கதவைத் தட்டுவது என்ற குழப்பமே அவர்களுக்கு எழவில்லை.

இப்படிப்பட்ட இணைகள் பல உண்டு. மினசோட்டாவின் துலூத்துக்கு வெக்ஷே, மினியாபொலிசுக்கு உப்சாலா, கான்சஸ் மாநிலத்து லிண்ட்ஸ்போர்குக்கு முன்க்ஃபோர்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது. டெலவேர் மாநிலத்து வில்மிங்டனுக்கும் கால்மார் நகருக்கும் உள்ள உறவு இன்னும் பழைய வேரில் நிற்பது. 1638 இல் ‘கால்மார் நிக்கல்’ என்ற கப்பலில் வந்த சுவீடியர்கள் அங்கே ஒரு குடியேற்றம் அமைத்தார்கள். 1655 இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

என் கண்ணுக்கு மிகச் சிறப்பாகத் தெரிவது மோராவின் உறவு. இரு நாட்டிலும் ஊரின் பெயர் மோராதான். சுவீடனின் மோராவில் 1922 முதல் வாசாலோப்பெட் என்ற 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கிறது. மினசோட்டாவின் மோரா 1973 இல் தன் பந்தயத்தைத் தொடங்கியது. வழியில் ஓட்டக்காரர்களுக்குச் சூடான அவுரிநெல்லிச் சாறு கொடுப்பது இரண்டு ஊரிலும் வழக்கம். பனிக்காலத்தில் ஆண்டு தவறாமல் செய்தாக வேண்டிய வேலை ஒன்று இருப்பதால், ஒப்பந்தத் தாள் எந்த அலமாரியில் கிடந்தாலும் உறவு நடந்துகொண்டிருக்கிறது. லிண்ட்ஸ்போர்கில் 1941 முதல் ஒற்றைப்படை ஆண்டுகளில் பெரிய விழா எடுக்கிறார்கள். அவ்வூர் மாணவர்களின் நாட்டுப்புற நடனக் குழு சுவீடனுக்குப் போய் ஆடிவிட்டும் வருகிறது.

உங்கள் மாணவர்கள் பார்த்த சிலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தம்பதி உண்மையில் வாழ்ந்தவர்கள் அல்லர். வில்ஹெல்ம் மோபெர்க் என்ற சுவீடிய எழுத்தாளர் 1948 இல் மினசோட்டாவுக்கு வந்து, மிதிவண்டியில் அந்த ஏரிக்கரைகளைச் சுற்றி, குடியேறிகளைப் பற்றி எழுதிய நாவல் வரிசையின் கதைமாந்தர்கள் அவர்கள். மூலச் சிலை சுவீடனின் கார்ல்ஸ்ஹாம்ன் துறைமுகத்தில் நிற்கிறது. போனவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டனைக் கதையில் கண்டெடுத்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். அதே போல், இந்த ஊர்க் கடைகளிலெல்லாம் விற்கும் சிவப்பு மரக்குதிரை டாலர்னா பகுதிக்கு உரியது. 1939 இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் சுவீடன் ஒரு பெரிய குதிரையை நிறுத்திய பிறகுதான் அது எல்லாச் சுவீடியர்க்கும் அடையாளமாயிற்று. லிண்ட்ஸ்போர்கின் முன்னோர்கள் வேர்ம்லாந்து என்ற வேறு பகுதிக்காரர்கள். அவர்கள் 1869 இல் வந்தபோது அந்தக் குதிரை அவர்களுக்கு அடையாளமாக இருந்திருக்காது. மரபு என்று நாம் பார்ப்பதில் பாதி, பிரிவுக்குப் பிறகு செய்துகொண்டது.

பழைய கோப்பு (தருமபுரி) எழுதியது:

உள்ளாட்சித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

பேரூராட்சி மன்றம் தீர்மானம் போடலாம். அந்தத் தீர்மானத்தை மட்டும் வைத்துக்கொண்டு வெளிநாட்டு ஊரோடு கையெழுத்திட முடியாது. வெளிநாட்டு உள்ளாட்சியோடு செய்யும் எந்த ஒப்பந்தமும் மாநில அரசு வழியாக ஒன்றிய வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். சென்னை மாநகராட்சிக்கு அமெரிக்காவின் டென்வரோடு 1984 முதலும், சான் அன்டோனியோவோடு 2008 முதலும் இப்படி உறவு உண்டு. சென்னைவாசிகளில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று கேட்டுப் பார்த்தால், தாளின் பலம் எவ்வளவு என்பது விளங்கிவிடும்.

அமெரிக்காவில் இது வேறு விதமாக நடக்கிறது. 1956 இல் அதிபர் ஐசனோவர், அரசாங்கங்கள் அல்லாது குடிமக்களே நாடுகளுக்கிடையே உறவு கொள்ள வேண்டும் என்று முன்னெடுத்த இயக்கத்திலிருந்து இந்தச் சகோதர நகர அமைப்பு வளர்ந்தது. பல ஊர்களில் நகர மன்றத்தின் வேலை பெயர் கொடுப்பதோடு சரி. மற்ற வேலையெல்லாம் தன்னார்வக் குழுவின் தலையில். சுவீடனிலும் அப்படித்தான், வட்டாரந்தோறும் ஊர் மரபுச் சங்கங்கள் இருக்கின்றன. நம் ஊரில் இதைத் தலைகீழாகச் செய்வோம். முதலில் வளைவு, பிறகு பொன்னாடை, அதன் பிறகு கோப்பு. தலைவர் மாறினால் கோப்பு தூங்கிவிடும். அடுத்து வருகிறவர் வளைவுக்கு வண்ணம் மாற்றி அடிப்பார்.

சங்கத்தார் மனத்தில் கொள்ள வேண்டியவை இன்னும் சில உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் பணம் அனுப்பினால், அவர் காவேரிப்பட்டினத்தில் பிறந்தவராகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அந்தப் பணம் தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டோடு வேலைக்குப் போனவர் தன் சம்பாத்தியத்திலிருந்து அனுப்பினால் அந்தத் தடை இல்லை. உங்கள் மாணவர்களில் யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதைப் பொருளாளர் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டு விருந்தினரை வீட்டில் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அவர்கள் விவரத்தைப் பதிய வேண்டும். தெரியாமல் விட்டுவிட்டு, காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்த பிறகு பதறுகிறார்கள்.

எளிய வழி ஒன்றும் இருக்கிறது. பள்ளிக்கும் பள்ளிக்கும், நூலகத்துக்கும் நூலகத்துக்கும் கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ள ஒப்பந்தம் தேவையில்லை. மாநில அரசின் அயலகத் தமிழர் நலத்துறை ‘வேர்களைத் தேடி’ என்ற திட்டத்தில், வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர்களை அழைத்துவந்து தமிழ்நாட்டைச் சுற்றிக் காட்டுகிறது. அப்படி வருகிறவர்களில் நம் பக்கத்து வேர் உடையவர் யாரேனும் இருந்தால், ஒரு நாள் ஊருக்கு அனுப்பிவைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். ஆனால் நம் பக்கத்து வேர் என்று எதை வைத்துக் காட்டுவது? ஆசிரியரம்மாவின் இரண்டாவது கேள்விக்கு அடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நடுகல் தேடி (அரூர்) எழுதியது:

பழைய கோப்பு ஐயா என்னை நோக்கித் தள்ளிவிட்ட கேள்வி இது என்று எடுத்துக்கொள்கிறேன். லிண்ட்ஸ்ட்ரோமின் உறவு நிலைத்ததற்குப் பந்தயமும் விழாவும் காரணம்தான். அவற்றுக்கும் அடியில் ஒரு பேரேடு இருக்கிறது.

சுவீடனில் திருச்சபைப் போதகர் தம் வட்டாரத்து வீடுகளில் ஆண்டுதோறும் மக்களுக்கு வேதபாடப் பரீட்சை வைப்பார். அதற்கென்று ஒரு புத்தகம் உண்டு. பண்ணை பண்ணையாக, குடும்பம் குடும்பமாகப் பக்கம் ஒதுக்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், வாசிக்கத் தெரியுமா, ஞானோபதேசம் எந்த அளவு தெரியும், அம்மை கண்டதா அல்லது குத்திக்கொண்டாரா. ஒருவர் ஊரைவிட்டுப் போனால் போதகரிடம் இடப்பெயர்வுச் சான்று வாங்க வேண்டும். போதகர் அந்த வரியைக் கோடிட்டு அடித்துவிட்டு, ஓரத்தில் ‘வட அமெரிக்கா’ என்று ஆண்டோடு எழுதுவார். அப்படி அடித்த வரியைத் தேடித்தான் இன்றும் மினசோட்டாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஸ்மோலாந்துக் காட்டுக்குள் முன்னோர் வீடு நின்ற இடத்துக்கு ஊர் மரபுச் சங்கத்தார் அவர்களை அழைத்துப் போவார்கள். அடிக்கல் வரிசையும், யாரோ நட்ட லைலாக் செடியும்தான் அங்கே மிச்சமிருக்கும். பல இடங்களில் அந்தக் குடிசையின் பெயரை ஒரு சிறு பலகையில் எழுதி நட்டிருப்பார்கள்.

நம்மவர்களுக்கும் பேரேடு உண்டு, ஆனால் அது போன இடத்தில் இருக்கிறது. 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு போய்ச் சேர்த்தது. 1911 வரை அங்கே இறங்கிய 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியல் உண்டு. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை மாகாணத்தார். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் வரை எழுதியிருக்கிறார்கள். பீஜிக்கு 1903 முதல் சென்னையிலிருந்து போனவர்களின் குடிபெயர்வுச் சீட்டுகளும் அப்படியே. எழுதியவன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பதால் கிராமப் பெயர்களை உரக்கப் படித்துப் பார்த்தால்தான் ஊர் பிடிபடும்.

தேடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. தருமபுரி மாவட்டம் பிறந்தது 1965 அக்டோபர் 2 அன்று. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9 அன்று. அந்தப் பட்டியல்களில் நாம் எல்லோரும் சேலம் ஜில்லாதான். திருப்பத்தூரும் அன்று சேலத்தில் சேர்ந்ததே. இதற்குப் பின்னணியாகத் தாது வருடப் பஞ்சத்தையும் (1876-78) வைத்துப் பார்க்க வேண்டும். 1871 கணக்கெடுப்பில் 19,66,995 ஆக இருந்த சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை 1881 இல் 15,99,595 ஆகக் குறைந்தது. இதில் பெரும்பகுதி சாவு. எஞ்சியவர்களில் பலர் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் பின்னால் நடந்தார்கள். சுவீடனின் பஞ்சத்துக்கும் இதற்கும் பத்தாண்டு இடைவெளிகூட இல்லை.

கண்டிச் சீமைதான் சிக்கல். கங்காணி முறையில் போனவர்களுக்கு நேட்டால் போல ஆள்வாரியான பட்டியல் எளிதில் கிடைப்பதில்லை. தோட்டத்தைக் குறிக்கும் சிறு தகர அடையாளத்தோடு மண்டபம் முகாம் வழியாக அனுப்பினார்கள். குடும்பத்தில் யாரேனும் தோட்டத்தின் பெயரைச் சொல்லிவைத்திருந்தால்தான் வழி பிறக்கும். ஆசிரியரம்மாவின் பாட்டி வீட்டில் பழைய டிரங்குப் பெட்டிகள் இருந்தால், கடித உறைகளின் அஞ்சல் முத்திரையை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

நம் வட்டாரத்தில் ஏறுதழுவிச் செத்தவனுக்கும், ஆநிரை மீட்கப் போய்ப் பட்டவனுக்கும் பெயரும் ஊரும் வெட்டிக் கல் நட்டிருக்கிறார்கள். செங்கத்துக்கும் தருமபுரிக்கும் இடையே எத்தனை கல்! கப்பலேறியவனுக்கு மட்டும் ஊரில் ஒரு வரி இல்லை.

மாம்பிஞ்சு (பர்கூர்) எழுதியது:

இதுவரை எழுதிய அண்ணன்மார் சொன்னவற்றில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் ஒப்பீடு சற்று வசதியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

சுவீடன் விவசாயி இறங்கிய இடத்தில் அவனுக்கு 160 ஏக்கர் காத்திருந்தது. அது யாருடைய நிலம்? மினசோட்டாவில் பூர்வகுடிகளான டகோட்டா, ஓஜிப்வே மக்களிடமிருந்து உடன்படிக்கை என்ற பெயரில் வாங்கப்பட்டது. நிலச் சட்டம் வந்த அதே 1862 இல், உடன்படிக்கைப் பணமும் உணவும் வந்து சேராத பட்டினியில் டகோட்டாக்கள் போர் தொடுத்தார்கள். டிசம்பர் 26 அன்று மன்கேட்டோவில் 38 பேரை ஒரே நேரத்தில் தூக்கிலிட்டார்கள். காப்பிக் கூஜாத் தொட்டியைப் படம் பிடிக்கிற நம் பிள்ளைகள் இதையும் தெரிந்துகொள்ளட்டும். நம்மவர்களோ நிலத்துக்குச் சொந்தக்காரராகப் போகவில்லை, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கரும்பு வெட்டப் போனார்கள். சுவீடியர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் திரும்பி வந்தார். வந்தவர் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். நம்மில் திரும்பி வந்தவர் வந்த சுவடு தெரியாமல் குடிசைக்குள் நுழைந்தார், சிலரைச் சாதியாரே சேர்த்துக்கொள்ளவில்லை. இரண்டையும் ஒரே விழா மேடையில் வைத்துவிட முடியாது.

மற்றொன்று, வேர் இருந்தால்தான் உறவு என்பதையும் நான் ஏற்கவில்லை. ஓசூர்க்காரர் சொன்ன வாசாலோப்பெட் பந்தயத்தின் சகோதரப் பந்தயங்கள் ஜப்பானின் அசாஹிகாவாவிலும் சீனாவின் சாங்சுனிலும் நடக்கின்றன. அங்கே சுவீடன் ரத்தம் எங்கிருந்து வந்தது? பனி இருக்கிறது, சறுக்க ஆள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் பார்த்தால் இளையவர்களின் மினசோட்டா ஆசையும் அடியோடு தப்பில்லை. மினசோட்டா பல்கலைக்கழகம் கடுங்குளிரைத் தாங்கும் ஆப்பிள் வகைகளை உருவாக்கிப் பேர்பெற்றது. 1991 இல் வெளியான ஹனிகிரிஸ்ப் அவர்களுடையதுதான். காவேரிப்பட்டினத்தின் பக்கத்திலேயே பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிருஷ்ணகிரியின் பெங்களூரா மாங்காய் கூழாகிக் கப்பலேறுகிறது. விலை விழுந்த ஆண்டில் அதே காயை ரோட்டோரத்தில் கொட்டுகிறார்கள். தோட்டக்காரர்களுக்கு இடையே ஏற்படும் தொடர்பு, வளைவு வைப்பதைவிட உருப்படியான காரியம் என்பது என் எண்ணம். ஆனால் அதை ‘சகோதர ஊர்’ என்று அழைக்காமல் தொழில் தொடர்பு என்றே அழைக்கலாம். முன்னோர் பேரைச் சொல்லி விற்க வேண்டியதில்லை.

ஓசூர்க்காரன் மீண்டும் எழுதியது:

மாம்பிஞ்சு அவர்கள் சொன்னது நியாயம்தான். ஒரே ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். அசாஹிகாவாவில் பந்தயம் நின்றுபோனால் சுவீடனோடு அந்த ஊருக்கு உள்ள தொடர்பின் முக்கிய இழை அறுந்துவிடும். மினசோட்டாவின் மோராவில் ஒரு குளிர்காலம் பனியே பெய்யாவிட்டாலும், சுவீடனில் அத்தை பேரன் ஒருவன் இருக்கிறான் என்று சொல்லிக்கொள்ள ஆள் இருக்கும். வேலையும் வேண்டும், வேரும் வேண்டும். வேர் உள்ள இடத்தில் வேலை கொஞ்சம் தொய்ந்தாலும் தாங்கும்.

தென்பெண்ணைக்கரை மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சங்கக் கூட்டத்தில் இந்த இழையை அச்செடுத்து வாசித்தேன். வளைவுப் பேச்சை ஒத்திவைத்திருக்கிறார்கள்; கைவிட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது, ஒருவர் ஏற்கெனவே வடிவமைப்பே வரைந்துகொண்டு வந்துவிட்டார். பையூர் யோசனையை மினசோட்டாவில் இருக்கும் மாணவர்களே விசாரிப்பதாக ஏற்றுக்கொண்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளைக் கொண்டு, எங்கள் பேரூராட்சியிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் கடல் கடந்து போனவர்களைப் பற்றி வீடு வீடாகக் கேட்டு எழுதலாம் என்பது என் எண்ணம். மாம்பிஞ்சு அவர்கள் சொன்ன சாதிப் பேச்சு இடையில் வரும் என்பதால், பிள்ளைகளை எப்படித் தயார்ப்படுத்துவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். படிவத்தில் என்னென்ன கேட்பது என்பதை அரூர் நண்பர் சொன்னால் உதவியாக இருக்கும்.

நடுகல் தேடி மீண்டும் எழுதியது:

அம்மா, படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிள்ளைகள் கடைசிக் கேள்விகளை விட்டுவிடுவார்கள். போனவரின் பெயரோடு தகப்பன் பெயரைக் கட்டாயம் கேளுங்கள், ஏனெனில் கப்பல் பட்டியலில் முனியன்களும் மாரிகளும் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், தகப்பன் பெயர் இல்லாமல் பிரித்தறிய வழியில்லை. ஆண்டு யாருக்கும் நினைவிருக்காது. தாது வருடத்துக்கு முன்னா பின்னா, கே.ஆர்.பி. அணை கட்டும்போது அவர் இருந்தாரா, இன்னாருடைய கல்யாணத்துக்கு முன்பா என்று கேட்டால் பத்தாண்டுக்குள் கணக்கு வந்துவிடும். குலதெய்வத்தின் பெயரும் அது இருக்கும் ஊரும் முக்கியம். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் ஊர்ப் பெயரை மறந்திருந்தாலும் குலதெய்வத்தின் பெயரை வைத்திருக்கக்கூடும். சாதியைப் படிவத்தில் கேட்க வேண்டாம். தானாகச் சொன்னால் தனித்தாளில் குறித்து உங்களிடம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நேட்டால் பட்டியலோடு ஒப்பிடும்போது அது தேவைப்படலாம்.

கண்டிச் சீமை என்றால் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைக் கேட்டுப் பயனில்லை. தொழிலாளர்கள் தங்களுக்குள் வழங்கிய பெயர் வேறாக இருக்கும். கேட்டது கேட்டபடி எழுதட்டும், திருத்த வேண்டாம். 1964 இன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்த குடும்பங்கள் உங்கள் பக்கத்தில் இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள். தாய்நாடு திரும்பியோர் என்ற முறையில் அவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையில் பல விவரம் இருக்கும். அவர்களுக்குத் தோட்டத்துப் பெயர்கள் இரண்டும் தெரியும். காவேரிப்பட்டினத்தை முடித்துவிட்டு ஊத்தங்கரைப் பக்கம் வருவதானால் சொல்லுங்கள், அரூரிலிருந்து நானும் வருகிறேன்.